திறாங்கு இல்லாத கதவு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன். கண்டாவளைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா.

"தம்பி, நீங்கள்தானோ கதவைப் பூட்டச் சொல்லி எழுதினது?"

எனக்குப் புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. நாலு வாரத்துக்கு முன் இதே பத்தியில் எழுதியது நினைவிருக்கிறதா? ஜிம் வேண்டாம், மைதானம் வேண்டாம். அறைக் கதவைப் பூட்டுங்கள், போனை நிறுத்துங்கள், அரை மணித்தியாலம் துள்ளுங்கள், மனப்பாரம் குறையும்... அதை வாசித்துவிட்டு ஒருவர் போன் எடுக்கிறார் என்றால் பாராட்டத்தானே?

"ஓம் அம்மா, நான்தான்."

"எங்கட அறைக் கதவில உள்ளுக்குப் பூட்டத் திறாங்கு இல்லை, தம்பி. நாங்கள்தான் கழட்டினனாங்கள்."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். மகளுக்கு இருபது வயது. ஏ.எல். பரீட்சை இரண்டாம் முறையும் சரிவரவில்லை. ரிசல்ட் வந்த கிழமை அறையைப் பூட்டிக்கொண்டவள், கூப்பிட்டும் திறக்கவில்லை. தகப்பன் கதவை உடைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிழைத்தாள். உடைந்த கதவைத் திருத்திப் போட்டவர், வீட்டிலிருந்த திறாங்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டார் — பாத்ரூம் கதவில் இருந்ததையும். இப்போது மகள் குளித்து முடியும்வரை தாய் வெளியே நின்று ஏதாவது கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டே இருப்பாராம்.

அந்த மகள்தான் என் பத்தியை வெட்டியெடுத்துத் தாயின் முன்னால் வைத்திருக்கிறாள். திறாங்கைத் திருப்பிப் போடச் சொல்லி.

"போடட்டோ, விடட்டோ? நீங்கள்தானே தம்பி எழுதினது. சொல்லுங்கோ."

பின்னேரம் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கதவைப் பூட்டுங்கள் என்ற அந்த வரியை நானாக யோசித்து எழுதவில்லை. போனில் எங்கேயோ வாசித்தது. யாரோ, எந்த ஊரிலோ, ஆளுக்கொரு அறை இருக்கிற வீட்டிலிருந்து எழுதியது. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவன் நான். தறப்பாள் விரித்துக் கட்டிய கொட்டிலுக்குள் ஐந்து பேருக்கு நடுவில் இருந்து படித்தேன். அம்மாவின் பழைய சேலைதான் எங்களுக்குக் கதவு. அப்படிப்பட்ட நான், ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கதவைப் பூட்டச் சொல்லியிருக்கிறேன்...

பின்னேரம் போனேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிக் கொடுத்த வீடு அது. அறைக் கதவின் உட்பக்கத்தில், திறாங்கு இருந்த இடத்தில், நாலு ஆணித் துளை. பிள்ளை சிரித்துத்தான் வரவேற்றாள். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "பேரையும் போடாதேங்கோ, பாடத்தையும் போடாதேங்கோ" என்றாள்.

மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறாள். அங்கேயும் டொக்டர் உடம்பை அசைக்கத்தான் சொல்லியிருக்கிறார். முற்றத்தில் செய்யலாமே என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி. ஒரு நாள் செய்தாளாம். பிள்ளைக்கு இன்னும் சுகம் வரவில்லையோ என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசாரித்தார்களாம். அதோடு முற்றம் முடிந்தது.

"துள்ளேக்க மட்டும்தான் அண்ணா நான் ஒண்டையும் யோசிக்காமல் இருக்கிறன்," என்றாள். "அதையும் அம்மா வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருந்தால் எப்பிடித் துள்ளுறது?"

தாய் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "பூட்டின கதவைக் கண்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது, பிள்ளை."

இரண்டு பேர் சொல்வதும் சரி. யாரை விட்டுக்கொடுக்கச் சொல்வது?

இளையோர் மனநலம் என்று இங்கே எத்தனை பயிலரங்கு! பனர் கட்டுகிறோம். பணிஸும் பிளேன்ரீயும் கொடுக்கிறோம். மூச்சை இழுத்து விடச் சொல்கிறோம். அந்த மூச்சை யாரும் பார்க்காமல் விட ஒரு பிள்ளைக்கு இடம் எங்கே? இருக்கிற ஓர் அறைக்குள்ளும் எங்கள் பயம் முதலே போய்க் குந்திவிடுகிறது. அந்தப் பயத்தைப் பிழை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் வழி சொன்னது நான் இல்லை, அவள்.

"திறாங்கு வேண்டாம் அம்மா. கதவைச் சும்மா சாத்துறன். சத்தமா எண்ணுறன். எண்ணுறது கேட்டால் நான் இருக்கிறன்தானே?"

தாய் தலையாட்டினார். கதவு சாத்தப்பட்டது. அவர் கதவடியில் திருவலையைப் போட்டுக் குந்தி, தேங்காய் திருவத் தொடங்கினார். நான் கதிரை நுனியில்.

ஒன்று... இரண்டு... நிலம் அதிர்ந்தது. பத்துக்குப் பிறகு குரல் உரத்தது. இருபத்தாறு... இருபத்தேழு...

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மூச்சு வாங்குகிறாள். வேறென்ன? எனக்குத் தெரியும். தாய்க்கும் தெரியும். ஆனாலும் திருவிய கை அப்படியே நின்றுவிட்டது. கண் கதவில்.

"இருபத்தெட்டு."

தேங்காய்ப்பூ மறுபடி தட்டில் விழத் தொடங்கியது.

அரை மணித்தியாலம் என்று எழுதியிருந்தேன் — எவ்வளவு லேசாக!