சௌந்தரத்தின் தட்டு

கடலூர் பக்கத்தில் நான் ஆயா வேலை பார்க்கும் மனநலக் காப்பகத்தில் சௌந்தரம் பல வருஷமாக இருக்கிறாள். முதுநகரில் மீன் விற்றவள். தம்பி சடையப்பன் கொண்டுவந்து விட்டான். அப்புறம் தலைகாட்டவே இல்லை. சமையற்கட்டில் ஆள் வைத்துத் தன் சோற்றில் விஷம் கலக்கச் சொல்கிறவன் அவன்தான் என்று அவளுக்குத் தீர்மானம். டாக்டர், நர்ஸ், நான் எல்லாருமே அவனுடைய ஆட்கள். மாத்திரையை நீட்டினால் அதைப் பார்க்கமாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்துக் கட்டில் ஜான்சி, சேத்தியாத்தோப்புக்காரி. அதிகம் பேசமாட்டாள். சோறு போட்டதும் இரண்டு பேரும் தட்டை மாற்றிக்கொள்வார்கள். பெரிய மீன் துண்டுக்காகத்தான் சௌந்தரம் இப்படிச் செய்கிறாள் என்று நான் சந்தேகப்பட்டேன். மீன்காரிக்குத் துண்டு பார்க்கத் தெரியாதா? ஆனால் சாம்பார் நாளிலும் மாற்றினார்கள். ஒருநாள் கேட்டேவிட்டேன். தன் தட்டில்தான் கலக்கிறார்கள், ஜான்சி தட்டு சுத்தம் என்றாள். அப்படியானால் ஜான்சி விஷத்தைத் தின்கிறாளே என்றேன்.

"அவளுக்கு ஒன்னும் ஆவாது. அவளுக்கா கலக்குறாங்க?"

போன ஆடியில் ஜான்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். வேனில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, ஆபரேஷன் என்றார்கள். அதைச் சௌந்தரத்திடம் சொன்னேன். நான் சொன்னால் நம்புவாளா? வேன் போன பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டருகில் உட்கார்ந்துவிட்டாள். சோற்றைத் தொடவில்லை. உரிக்காத வாழைப்பழம் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொண்டாள். புதிதாகச் சேர்ந்த தமிழினி பாவப்பட்டுத் தன் தட்டை மாற்றிக்கொள்ள நீட்டினாள். சௌந்தரம் பதறிப்போய் அதைத் தள்ளிவிட்டாள்.

ஜான்சி பாதி உடம்பாகத் திரும்பி வந்தாள். மத்தியானம் சோறு போட்டதும் வழக்கம்போலத் தட்டுக்குக் கை நீட்டினாள். சௌந்தரம் தன் தட்டை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்டி. எம்மேல உள்ள பகைக்கு நீ ஏன் சாவணும்?"

ஜான்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள். சௌந்தரம் என்னைப் பார்த்தாள், அதே சந்தேகப் பார்வை. சோற்றில் விஷம் இருக்கிறது என்பதில் அவளுக்கு இப்போதும் துளி மாற்றமில்லை. தனக்கு ஏதாவது ஆனால் ஜான்சியைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்று என்னிடமே சொன்னாள்.

கண்ணை மூடிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் போட்டாள். பிறகு ஜான்சிக்கு ஒரு பருக்கைகூட மிஞ்சக் கூடாதென்று தட்டை வழித்துத் தின்றாள்.