மிக்சர் இல்லாத அன்று கோயில் குழாய் அலறியது

எங்கள் கடற்கரை ஊரின் மாதா கோயிலில் ஒலிபெருக்கியைக் கவனிப்பவன் நான். சத்தத்தை மிக்சரில்தான் கூட்டிக் குறைப்போம்; ஆம்ப்ளிஃபயரின் சத்தத் திருகு எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கும். அன்று மிக்சர் ரிப்பேருக்குப் போயிருந்தது. திருவிழாப் பாட்டைச் சோதிக்க, கம்ப்யூட்டரிலிருந்து சத்தத்தை வெளியே எடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகிப் பாட்டை ஓடவிட்டேன். திருகு முழுதாகத் திறந்திருப்பது நினைவுக்கு வரவில்லை.

கோபுரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஒரே அலறலாக அலறி அடங்கியது.

வெளியே வந்தால், பெண்கள் கடற்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். வள்ளங்கள் கடலில் இருக்கும் நேரத்தில் குழாய் இப்படி அலறினால், யாரையோ காணவில்லை என்று அர்த்தம். போன வருடம் என் மனைவியின் தம்பிக்காக ஒலித்தது. அவன் திரும்பவில்லை.

அவள் செருப்பில்லாமல் ஓடிவந்து, "யாரு?" என்றாள்.

"ஏளா, ஒண்ணுமில்ல. நான்தான் வயரைத் தப்பா செருகிட்டேன்."

"அன்னைக்கும் மொதல்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னிய."

மைக்கில் அறிவிக்கலாமென்றால் குழாய்க்குள் சத்தம் எழுப்பும் யூனிட் கருகிவிட்டது. கடைசி வள்ளம் கரையேறும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நானும் நின்றேன்.

இப்போது திருகைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் எதையும் செருகுகிறேன். பிறகு மெல்ல ஏற்றுகிறேன். சோதனையெல்லாம், யாரும் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில் மட்டும். அன்றும் குழாய் ஒலித்ததும் என் மனைவி வாசலுக்கு வந்து கடலைப் பார்க்கிறாள்.