சிறுமூளைக்கு ட்யூஷன்: பெரும்பாக்கத்திலிருந்து அபிராமபுரம் வழியாக எலியட்ஸ் கடற்கரை

ஏலகிரி, செஞ்சி, பழவேற்காடு என்று என் பழைய பைக் தாங்குகிற தூரத்தைத்தான் இங்கே எழுதிவந்திருக்கிறேன். போன சனிக்கிழமை போனது பக்கத்தில்தான். ஆனால் நான் போனதிலேயே நீளமான பயணம் அதுதான். காரணம் என் ஒன்பது வயது மகள் தர்ஷினியின் சிறுமூளை. பத்தாம் வகுப்பு அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறியவன் நான். அப்படி ஒன்று தனியாக இருப்பதே எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

அவளுக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பொருக்கெல்லாம் உதிர்ந்து, பள்ளிக்கு அனுப்பலாம் என்ற நாளில் காலையில் எழுந்தவள் தள்ளாடினாள். டம்ளரை எடுக்கப்போன கை அதைத் தாண்டிப் போனது. மட்டம் போட நடிக்கிறாள் என்று நான் தீர்ப்பு சொன்னேன். லிஃப்டில் பக்கத்து வீட்டு மணி வேறு, "இன்னா நைனா, பாப்பா அப்டியே உன்ன மாதிரியே நடந்துக்கினு வருது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சாயங்காலம் அவள் பேச்சும் இழுக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

பொது மருத்துவர், அபிராமபுரத்தில் இருக்கும் குழந்தைகள் நரம்பியல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அவர் கருவி எதையும் உடனே எடுக்கவில்லை. தன் விரலையும் அவள் மூக்கையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். உள்ளங்கையை மளமளவென்று புரட்டச் சொன்னார். காலைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கவும், குதிகாலோடு கால்விரல் இடிக்கிற மாதிரி கோட்டின் மேல் நடக்கவும் சொன்னார். பேச்சைக் கவனிக்கப் பன்னிரண்டு மாதங்களின் பெயரையும் கேட்டார். கடைசியில்தான் முட்டியில் தட்டுகிற சுத்தியல். தர்ஷினி கோட்டில் மூன்று அடி வைப்பதற்குள் என் மேல் சாய்ந்தாள்.

"அம்மைக் கிருமியோட சண்டை போட்ட உடம்பு, சிறுமூளையையும் கொஞ்சம் தாக்கிடுச்சு. நடையை, கையை சீரா வெச்சுக்கிறது அதுதான். பெரும்பாலும் தானா சரியாயிடும்" என்றார் டாக்டர். ஸ்கேனில் கோளாறு இல்லை. மூன்று வாரம் கழித்து வரவேண்டும். ஆட்டம் குறையாவிட்டால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை பைக் கூடாது, சைக்கிள் கூடாது.

வெளியே வந்ததும் தர்ஷினி, "எனக்கு அந்த ஊசி வேணாம்ப்பா" என்றாள். அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு அப்பனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைத் தொடங்கினேன். ட்யூஷன்!

ஆறாவது மாடி நடைபாதையில் சாக்பீஸால் கோடு கிழித்தேன். காலையில் மூக்கு, மாலையில் கோடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் சேர்ந்தார்கள். என் மனைவி சுமதி தலையில் அடித்துக்கொண்டாள். "டாக்டரு வியாதிய பாக்கணும்ன்றாரு, நீ பரிட்சைக்கு ரெடி பண்ற. உனக்கெல்லாம் எவன்யா பொண்ணு குடுத்தது?" "உங்கப்பன்தான்" என்றேன். அன்று எனக்குக் குழம்பு வரவில்லை.

இனி பயணம். சுமதிக்கு வேலையிடத்தில் விடுப்பு கிடைக்காததால் நாங்கள் இருவர்தான். காலை 7.40க்குப் பேருந்து. அடையாறு வரை சுமார் 18 கிலோமீட்டர். எனக்கு 15 ரூபாய், மகளுக்கு இலவசம். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அங்கிருந்து ஆட்டோ, பேரம் பேசி 120. நான் அவளை இரண்டு கையாலும் பிடித்து ஏற்றுவதைப் பார்த்த ஓட்டுநர், "இன்னா சார், உற்சவர் செலையா? வுடு சார், அதுவே ஏறும்" என்றார். அதுவே ஏறியது.

பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் விரலைத் தூக்குவதற்குள் தர்ஷினி மூக்கைத் தொட்டுவிட்டாள். கோட்டில் விறுவிறுவென்று நடந்தாள். மாதங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். பிறகு தானாகவே, "இப்போ கண்ண மூடிக்கினு நிக்கணும், டாக்டர். அப்புறம்தான் சுத்தியல்" என்றாள்.

டாக்டர் சுத்தியலை மேசையில் வைத்தார். "யாரும்மா சொல்லிக்குடுத்தா?"

மகள் விரலை நேராக என் நெஞ்சுக்கு நீட்டினாள். காட்டிக்கொடுத்த அந்த விரல் துளிகூட ஆடவில்லை.

"அப்பா, இது போர்டு எக்ஸாம் இல்ல. இவ தடுமாறினா அது எனக்குத் தெரியணும். நீங்க பழக்கி விட்டுட்டா நான் எதைப் பார்க்குறது?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவளுக்குச் சரியானதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது மட்டும்தானா?

அதன்பிறகு நடந்ததெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே. சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டச் சொன்னார். பின்பக்கமாக நடக்க வைத்தார். ஒற்றைக்காலில் நொண்டியடிக்கச் சொன்னார். கடைசியாக ஒரு காகிதக் குவளையை விளிம்பு வரை நிரப்பி அவள் கையில் கொடுத்து, என்னை வராந்தாவின் கடைக்கோடியில் நிற்கச் சொன்னார். "அப்பாவுக்குத் தாகமா இருக்கும். சிந்தாம கொண்டு போ."

நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தாள். எதிரே வந்த நர்ஸுக்கு ஒதுங்கி, ஒரு நாற்காலியைச் சுற்றி, தரையில் ஒரு சொட்டு விழாமல் வந்து நீட்டினாள். நான் வாங்கினேன். பாதித் தண்ணீர் என் சட்டையில்.

"பொண்ணு நல்லா இருக்கா. உங்களுக்கு வேணா ஒரு ஸ்கேன் எழுதட்டுமா?" என்றார் டாக்டர். ஊசி வேண்டாம். திங்கள்கிழமை முதல் பள்ளி. சைக்கிள் மட்டும் இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

சுமதிக்கு போன் போட்டு "பாஸ்!" என்று கத்தினேன். "பாஸாம் பாஸு. போன அவகிட்ட குடுய்யா" என்றாள்.

இதே பயணம் போகிறவர்களுக்கு: ட்யூஷன் எடுக்காதீர்கள். பிள்ளை வீட்டில் தடுமாறுவதை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். டாக்டருக்கு அதுதான் உதவும் என்று அவரே சொன்னார். முட்டி வரை சுருட்டக்கூடிய உடை போட்டுவிடுங்கள். அம்மை எப்போது போட்டது, தள்ளாட்டம் எப்போது ஆரம்பித்தது என்று தேதி சொல்லத் தெரிய வேண்டும். முக்கியமாக, நடிக்கிறாள் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். ஆலோசனைக் கட்டணம் 700.

திரும்பும் வழியில் பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஆட்டோ 150. நாங்கள் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். வெயில் தாழ்ந்ததும் பலூன் சுடும் கடை போடுவார்கள், ஆளுக்கு 50 ரூபாய். நான் சுட்டதில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. தர்ஷினி ஒரு கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் அழுத்தி, ஒரு வரிசை முழுவதையும் வெடித்தாள்.

"பாப்பாக்கு இன்னா கை நைனா, கல்லு மாதிரி நிக்குது!" என்றார் கடைக்காரர்.

அது எங்களுக்கு எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று அவருக்குத் தெரியாது. இன்னொரு 50 எடுத்து நீட்டினேன்.