அலறலுக்குப் பிறகு அவள் என்ன பாடினாள்

எனக்குக் காது குத்தியது பன்னிரண்டாவது வயதில். எங்கள் பக்கத்தில் பிள்ளை நடக்கத் தொடங்குமுன்பே குத்திவிடுவார்கள். அதற்குப் பிள்ளையைத் தாய்மாமா மடியில் உட்கார வைக்க வேண்டும். என் தாய்மாமாவோ, அப்பாவின் கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போய்விட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு வடகரைக்குப் போனவர். அதன் பிறகு தென்காசிப் பக்கம் தலைகாட்டவில்லை. மடி கிடைக்காததால் என் காது அப்படியே இருந்துவிட்டது. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை, அந்தப் பாட்டைக் கேட்கும் வரை.

தெருக் கோடியில் மைக் செட் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். கல்யாணமோ கோயில் கொடையோ, தென்னை மரத்தில் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் ஏறும். முதல் பாட்டு பிள்ளையார் பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். ஆனால் குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பிள்ளையாருக்கும் முன்னால் எதையாவது போட்டாக வேண்டுமே? அதற்காக ஒரு இங்கிலீஷ் ரெக்கார்டு வைத்திருந்தார். அதை அரை நிமிஷம் ஓடவிடுவார்.

"அது பாட்டுல சேராதுலே. வெறுஞ் சத்தம்" என்பார். பிள்ளையாரும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தச் சத்தத்தின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது. முதலில் தகரத்தைக் கம்பியால் உரசுவது போல ஏதோ ஒன்று வரும். கிட்டார் என்ற ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. பிறகு மேளம். பிறகு அவள். அவள் பாட ஆரம்பிக்க மாட்டாள்; சாத்தியிருந்த கதவை உதைத்துக்கொண்டு வருகிற மாதிரி உள்ளே வருவாள். நாலு வரி போடுவாள். அப்புறம் மூச்சை இழுத்து ஓர் அலறல். அது முடியும்போதே அண்ணாச்சி ரெக்கார்டிலிருந்து முள்ளைத் தூக்கிவிடுவார். அடுத்தது பிள்ளையார்.

நான் வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்லக் கூச்சப்பட்டு, போன நாளெல்லாம் போகாத நாளாக எழுதப்பட்டவன். ஒரு பெண் இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறாள், வாயை மூடு என்று அவளைச் சொல்ல ஆளில்லை, போதாததற்கு அதை ரெக்கார்டு வேறு ஆக்கியிருக்கிறார்கள். இதை என்னால் நம்பவே முடியவில்லை. யார் வீட்டு விசேஷமானாலும் குழாய் கட்டும் நேரத்துக்குப் போய் மரத்தடியில் நிற்பேன். அலறலுக்குப் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணாச்சி, அத ஒரு தடவ முழுசாப் போடுங்களேன்."

"செட்டுக்குச் சொன்ன வீட்டுக்காரங்க கேட்டா எதையும் போடுவேன். உங்க வீட்டுல விசேஷம் ஏதும் வருதா?"

"இல்ல."

"பெறவு என்னலே? ஓடு."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்கு அக்கா தங்கை கிடையாது, கல்யாணத்துக்கு ஆளில்லை. எங்கள் வீட்டில் பாக்கியிருந்த ஒரே விசேஷம் என் காதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் வடகரைக்குப் போனேன். மாமா தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"யாருலே நீ?"

"உங்க மருமவன்."

"அப்பளம் வைக்காத வீட்டுப் பயலா?"

"ஆமா."

"என்ன வேணும்?"

"காது குத்தணும்."

மாமா என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். "ஏலே, ரெண்டு வருஷத்துல மீசை வந்துரும். ஒன்ன மடியில வச்சா என் தொடை என்னத்துக்கு ஆவும்? ஒங்கப்பன் சொல்லி விட்டானா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

மாமாவின் கண் கலங்கிவிட்டது. அத்தையைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்கன வந்து பாரு. பெரியவன் செய்யாதத சின்னப்பய செய்யுதான். மாமன் மடிதான் வேணுமாம்."

இல்லை, ரெக்கார்டுக்காக வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "மைக் செட் உண்டுமா மாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"மைக் செட் இல்லாமலா? ஆனா அப்பளம் முக்கியம். சொல்லிரு."

விசேஷத்தன்று காலையில் ஆய்க்குடி முருகன் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மாமா மடியில் உட்கார்ந்ததும் என் கால் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்தன. என் மொட்டைத் தலை அவர் தலைக்கு மேலே இருந்தது. வந்தவர்களை வரவேற்க அவர் என் அக்குள் வழியாக எட்டிப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது.

"யாரு மடியில யாருவே இருக்கா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

வழக்கமான அரை நிமிஷம் ஓடியது. பிள்ளையார் பாட்டும் முடிந்தது. நான் மாமாவின் காதில் என் விருப்பத்தைச் சொன்னேன். மாமா சத்தம் போட்டு அதை அண்ணாச்சிக்குச் சொன்னார். அண்ணாச்சி எழுந்து என்னிடமே வந்துவிட்டார்.

"வேற கேளுலே. நல்ல சினிமாப் பாட்டெல்லாம் இருக்கு."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மாமாவுக்குக் கோபம் வந்தது. "மருமவன் கேட்டதப் போடும்வே!"

அண்ணாச்சி போட்டார். தகரம், மேளம், அவள். காது குத்த வந்த ஆசாரி வலது காதை முடித்துவிட்டு இடது காதுக்கு வந்தார். நாலாவது வரி முடிந்தது. அலறல் வந்தது. முள்ளைத் தூக்கவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மறுபடியும் அலறல். மறுபடியும். மறுபடியும் அதே அலறல்.

மாமாவின் தொடை தூக்கிப் போட்டது. ஆசாரியின் கை வழுக்கி ஊசி மேலே ஏறிவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. எனக்கும் சேர்த்து அவளே கத்திக்கொண்டிருந்தாள். தெருவில் போன ஒரு ஆச்சி வாசலில் நின்று, "பச்சப் பிள்ளய இந்தப் பாடு படுத்துதியளே, நீங்க நல்லாருப்பியளா?" என்று ஏசிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி முள்ளை உள்பக்கமாக நகர்த்தி வைத்துப் பார்த்தார். கர்ரென்று கேட்டதே தவிர அவளைக் காணோம். ரெக்கார்டை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் பாட்டு இருந்தது. அதற்கு உள்ளே முழுக்கக் கீறல்.

"குத்தாலத்துல சீசனுக்கு வந்தவங்க ஜன்னல்ல வச்சிருந்தாங்க. குரங்கு தூக்கிட்டுப் போயிப் பாறையில போட்டு உரசிட்டு. வேண்டாம்னு போட்டத நான் எடுத்துட்டு வந்தேன். அதுக்குப் பெறவு அவ என்ன பாடுதான்னு எனக்கே தெரியாதுலே. அந்தக் குரங்குக்குத்தான் தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காது வலிக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை. "இருக்கதையாவது போடும்வே, பய கேக்கட்டும்" என்றார். முதல் பந்தி முழுக்க அவள் அலறிக்கொண்டே இருந்தாள். மாமா இலையில் அப்பா தன் கையாலேயே மூன்று அப்பளம் வைத்தார். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். அலறலில் யார் காதிலும் விழவில்லை.

அந்த ஆனியில் சாரல் நன்றாக விழுந்தது. மாமா என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார். மெயின் அருவிக்கு அடியில், எண்ணெய் தேய்த்த முதுகுகளுக்கு நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தலையில் இடித்தது. கோணலாக ஏறிய இடது காதுத் துளை எரிந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

வாயைத் திறந்து அந்த நாலு வரியையும் கத்தினேன். அலறினேன். நிறுத்தாமல், அதற்குப் பிறகு அவள் என்ன பாடியிருப்பாளோ அதையும் பாடினேன். என்ன மொழி என்று எனக்கே தெரியாது. ரொம்ப நேரம் பாடினேன்.

மாமா என் தோளைத் தட்டிக் காதருகில் வாயை வைத்தார். "ஏலே, தண்ணியக் குடிக்காத!"

வெளியே வந்து தலை துவட்டும்போது, கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து என்னையே பார்த்தது. சரியாகத்தான் பாடினேனா என்று நானும் அதைப் பார்த்தேன். அது மாமாவின் துண்டைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறிவிட்டது.