கிளினிக் கொப்பியைக் காட்டி வாங்கிய சிகரட்

சிகரட் பிடிக்காதவர்களுக்கு இதை விளங்கப்படுத்த முடியாது. நான் முயற்சி செய்வதும் இல்லை. கொரோனா ஊரடங்கு போட்ட மூன்றாம் நாள் என் பெட்டி காலியானது. நாலாம் நாள் பூச்சட்டிகளைக் கிளறி, நானே குத்தி அணைத்த அடிக்கட்டைகளைப் பொறுக்கி வெயிலில் காயப்போட்டேன். ஐந்தாம் நாள் அதுவும் முடிந்தது. தேயிலைத் தூளைக் கொப்பி ஒற்றையில் சுருட்டி, காஸ் அடுப்பில் குனிந்து பற்றவைத்தேன். புருவம் கருகியதுதான் மிச்சம். கந்தோரில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுசன் நான். வெட்கக்கேடு!

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். என் உத்தியோகத்துக்காகக் கட்டுகஸ்தோட்டையில், மகாவலி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வாடகை வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருந்தோம். அவளுக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால் வாயில் அடித்துக்கொள்ளும் பம்ப் எப்போதும் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். அன்று காலை அதைக் காதருகே குலுக்கிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இதில இன்னும் பத்துப் பன்னிரண்டு தரம்தான் வரும். மருந்துக்குப் போற ஆக்களைப் பொலிஸ் விடுதாம். என்ர கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. அவள் முடிக்க முன்னமே சேர்ட்டை மாட்டிவிட்டேன். அவளுக்காகத்தான் பறக்கிறேன் என்று நினைத்து, "ஆறுதலாப் போங்கோ" என்றாள்.

பாலத்தடியில் பொலிஸ்காரர், ஆஸ்பத்திரியில் அவள் வருத்தத்தையும் மருந்தையும் எழுதிக் கொடுத்த அந்தக் கொப்பியைப் புரட்டினார். பின்னட்டையில் திகதி, நேரம், 'மருந்து' என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். அரை மணித்தியாலத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார். ஒரு வாகனமும் இல்லாத பாலத்தில் மகாவலியின் இரைச்சல் அப்போதுதான் எனக்குக் கேட்டது. எத்தனை வருடமாக அதன் மேலால் போய்வந்தவன்! அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. விரைவாக நடந்தேன்.

பாமசி வாசலில் நின்ற வரிசை வளைந்து சந்தி வரை போயிருந்தது. அரை மணித்தியாலத்தில் நடக்கிற காரியமில்லை. ஒன்றில் வரிசை, அல்லது ஒழுங்கைக்குள் எனக்குப் பழக்கமான கடை. யோசித்தேன் என்று சொன்னால் பொய். கடையின் பின்கதவைத் தட்டினேன். எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் ஒரு கண் தெரிகிற அளவுக்குத் திறந்தார்.

"ஒண்டெண்டாலும் தாங்கோ, நானா."

"பொலிஸ் கண்டா என்னத் தூக்கிருவாங்க சேர். ரெண்டு ஈக்கிது. இங்கேயே குடிச்சிட்டு சட்டுன்னு போங்க."

அவர் வீட்டுக் கக்கூசுக்குப் பின்னால் நின்று இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தேன். தலை சுற்றியது. சத்தியமாக, கண்ணீர் வந்தது.

"பாமசியில ஸ்டொக் இல்லையாம். நாளைக்கு வருமாம்" என்று வீட்டில் சொன்னேன். அவள் நம்பினாள்.

அந்த 'நாளைக்கு' இன்னும் மூன்று நாள் ஓடியது. ஒவ்வொரு காலையும் இன்று வரிசைதான் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு போவேன். ஒருநாள் உண்மையாகவே பத்து நிமிடம் நின்றேன். இரண்டு பேர்தான் நகர்ந்தார்கள். சனியன் பிடித்த கால்கள் தாமாகவே ஒழுங்கைக்குள் திரும்பின. கொப்பியில் நாலு கையெழுத்து ஏறிவிட்டது. வீட்டில் அவள் பம்பை மிச்சம் பிடித்தாள். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பொறுத்திருந்தாள். அவள் நெஞ்சுக்குள் பூனை உறுமுவது அடுத்த அறைவரை கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கும் சிகரட்தான் வேண்டியிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம், தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எழும்பி வந்து கதவு நிலையைப் பிடித்தாள். பம்பை அமத்தினாள். வெறும் காற்று. திரும்பவும் அமத்தினாள். உதடு நீலம் பாரித்தது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் நான் கூப்பிட்ட உடனேயே ஓடி வந்தார். பாலத்தடியில் இந்தத் தரம் யாரும் கொப்பியைக் கேட்கவில்லை. அவளைப் பார்த்ததும் தடையை இழுத்து விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள். இளம் டொக்டர் ஒருத்தி கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்து பின்னட்டையில் நின்றாள்.

"நாலு நாளில நாலு தரம் மருந்து வாங்கியிருக்கிறீங்க. அவ்வளவும் அடிச்சாங்களா? ஹார்ட் ரேட் வேற கூட இருக்கு. எவ்வளவு உள்ள போயிருக்குன்னு தெரியாம நான் இன்னும் குடுக்க ஏலாது. சொல்லுங்க ஐயா!"

நான் பின்னட்டையில் இருந்த கையெழுத்துகளையே பார்த்தேன். கட்டிலில் கிடந்தவள் முகமூடியை விலக்கினாள்.

"இல்லை டொக்டர், ஒண்டும் கிடைக்கேல்லை. கடையில இல்லையாம். பாவம், மனுசன் நாலு நாளும் அலைஞ்சவர்."

டொக்டர் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் உடனே மருந்தைக் கூட்டினாள். இன்றைக்கும் சொந்தக்காரர் யாராவது போன் எடுத்தால் மனைவி இந்தக் கதையைச் சொல்கிறாள். என்ர மனுசன் நடையாய் நடந்தவர் என்கிறாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று மூச்சு கொஞ்சம் பிடிபட்டதும் அவள் என் கையைத் தட்டினாள்.

"முகம் செத்துப்போய் இருக்கு. வெளியில போய் ஒரு சிகரட் பத்திட்டு வாங்கோ. எனக்கு ஒண்டுமில்லை."

போனேன். ஆட்டோக்காரரிடம் ஒன்று கேட்டு வாங்கி, பஞ்சு சுடும்வரை இழுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.