இடுப்பளவு மண்

இது என் வீட்டில் நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டது இல்லை. பார்த்தது நான். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, கண்ணிலும் கோளாறு இல்லை. நம்ப முடியாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். முடிந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் பெயர் திர்தோ. செமராங் நகரின் வடக்கு ஓரத்தில், கடலை ஒட்டி இருக்கிறோம். இங்கே மழை பெய்யாமலே வெள்ளம் வரும். கடல் ஏறினால் தரைக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஊறும். நிலமும் வருஷத்துக்கு வருஷம் தாழ்ந்துகொண்டே போகிறது. அதனால் எங்கள் தெருவில் எல்லோரும் வீட்டுக்குள் மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்துவார்கள். கூரை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். சில வீடுகளில் குனிந்துதான் நடக்க முடியும். விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை.

நான் வேலை பார்த்த மரச்சாமான் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். என் மனைவி மூர்னி வாசலில் வாழைப்பழ பஜ்ஜி சுட்டு விற்றாள். அது போதவில்லை. வீட்டின் பின்பாதியைத் தடுத்து ஓர் அறையாக்கி, தையல் ஆலையில் வேலை பார்க்கும் பெண் யாருக்காவது வாடகைக்கு விடலாம் என்று நான்தான் சொன்னேன்.

மூர்னிக்கு மனம் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் மகள் நினிங் அங்கேதான் இறந்தாள். இந்த வீட்டை வாங்கிய இரண்டாம் வருடம். மூன்று வயதில், காய்ச்சலில். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

"செய்ங்க," என்றாள் கடைசியில். "பூட்டி வெச்சு என்ன ஆகப் போகுது."

வாடகைக்கு விடுவதெல்லாம் எனக்குப் புதுசு. சந்துப் பக்கம் சுவரை இடித்துத் தனிக் கதவு வைத்தேன். அது வெளிப்பக்கம் திறந்து, போகிற வருகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் இடித்தது. கழற்றித் திருப்பி மாட்டினேன். கழிப்பறையைத் தாழ்வாகக் கட்டிவிட்டேன். கடல் ஏறிய அன்று உள்ளே போனதெல்லாம் திரும்பி வந்தது. அதையும் இடித்துக் கட்டினேன். தனி மின்மீட்டர் வைத்தேன். கடைசியாகத் தரை. அங்கே பழைய சமையல்கட்டுத் தரை அப்படியே கிடந்தது. அதன் மேல் செங்கல் உடைசலும் மண்ணும் கொட்டி, இடுப்பளவு உயர்த்தி, சிமெண்ட் பூசினேன். கிணற்றடிக்குப் போகும் பழைய வாசல் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போயிற்று. மீதியைச் செங்கல் வைத்து அடைத்தேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். சிமெண்டின் நடுவே ஒரு தடம்.

காலடி இல்லை. இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஆள் நடந்து போனால், பின்னால் தண்ணீர் இரு பக்கமும் விலகிக்கொண்டே வருமே... அந்த மாதிரி. சிமெண்ட் விலகி, அலை அலையாக இறுகியிருந்தது. பழைய அடுப்பு மூலையிலிருந்து கிணற்றடி வாசல் வரை.

பூனை என்று சொல்லிக்கொண்டேன். மேலே இன்னொரு பூச்சு பூசினேன்.

சுவருக்கு வெள்ளையடித்த பிறகு கைத்தடங்கள் தெரிந்தன. வளர்ந்த ஆளின் கை. ஆனால் என் கணுக்கால் உயரத்தில். படுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தால்தான் அங்கே கை படும். ஈரத்துணியால் துடைத்தேன். மூர்னியிடம் சொல்லவில்லை.

இஸ்தி குடிவந்தாள். குரோபோகன் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். வயது இருபத்திரண்டு. வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணே, கூரை தலையில இடிக்குது. இல்லாத உயரத்துக்கு வாடகையில கழிச்சுக்கோங்க."

"நீ இருக்கற உயரத்துக்கு இதுவே அதிகம்டி," என்றாள் மூர்னி. அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அன்று நினைத்தேன்.

சில நாள் கழித்து இஸ்தி பஜ்ஜிக் கடைக்கு வந்து நின்றாள்.

"கீழ் வீட்டுல யாரு அண்ணே இருக்காங்க?"

"கீழ் வீடா? கீழ மண்ணுதான் இருக்கு."

"விளையாடாதீங்க. மரச் செருப்பு போட்டு நடக்கறாங்க. டொக்... டொக்னு. நடுவுல வெறுங்கால் சத்தம் வேற. தப்பு தப்புன்னு... சின்னதா. ஓட்டமும் நடையுமா."

மூர்னியின் கரண்டி எண்ணெய்ச் சட்டிக்கு மேலே அப்படியே நின்றது. பஜ்ஜி கருகும் வாசனை வந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். சந்துப் பக்கம் கதவு தடாரென்று திறந்த சத்தம். இஸ்தி செருப்பில்லாமல் ஓடிவந்தாள். மூர்னி தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்தாள், பாதி மேலே கொட்டிக்கொண்டாள்.

"பாதிப் பொம்பளை, அக்கா... இடுப்புக்கு மேல மட்டும்தான். சிமெண்டுக்குள்ளேருந்து... அப்படியே நகர்ந்து போறாங்க. என்னைப் பார்க்கவே இல்ல. ஒரு கையை மட்டும் தரைக்குள்ள விட்டிருக்காங்க. யாரையோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி."

மூர்னி சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"குழந்தை அழுதுச்சா?"

"எந்தக் குழந்தை, அக்கா?"

இஸ்தி விளக்கு வைப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மெத்தையைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் நானே போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஏதோ பயந்துவிட்டாள் என்று நிரூபிக்க வேண்டும். வேறு ஆளை வைக்க வேண்டும். கையில் இருந்ததையெல்லாம் அந்த அறையில்தான் போட்டிருந்தேன்.

மெத்தையின் மேல் சுவரில் சாய்ந்துகொண்டேன். அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தது. மின்சாரம் போயிற்று. கடல் ஏறினால் எங்கள் பக்கம் மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. மணி ஆறு ஐந்து.

முதலில் தண்ணீர் சத்தம். தரைக்கு அடியில் எங்கோ... சளக்... சளக்.

பிறகு செருப்பு.

டொக்.

டொக்.

நடுவில்... தப்பு தப்பு.

பழைய அடுப்பு மூலைப் பக்கம் சிமெண்டின் மேல் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. கூந்தல். கொண்டை போட்ட கூந்தல். தோள். வெளுத்துப்போன ரவிக்கை. எழுந்து வரவில்லை. நடந்துதான் வந்தாள். பழைய தரையில். என் தரை அவளுக்கு இல்லை.

வயதான பெண். முகம் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இடது கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே சிமெண்டுக்குள்.

என் காலுக்கு நேராக வந்தாள்.

நின்றாள்.

குனிந்தாள். தரையைப் பார்த்து ஏதோ சொன்னாள். கொஞ்சுகிற மாதிரி.

அப்போது சிமெண்டிலிருந்து...

விரல்கள்.

ஐந்து. சின்னச் சின்னதாக.

அப்புறம் மணிக்கட்டு. தூக்கு, தூக்கு என்று கேட்கிற கை. விரல்களை மூடி மூடித் திறந்தது.

அவள் இரண்டு கையையும் கீழே விட்டாள். குழந்தையைத் தூக்கப் போகிறாள்.

முகம் தெரிந்துவிடும்.

நான் ஓடினேன்.

சந்தில் மூர்னி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நான் கதவைத் தட்டவில்லை. தட்ட முடியவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவளே திறந்தாள்.

"ஒண்ணும் வரல," என்றாள்.

நான் பார்த்ததைச் சொல்லும்வரை அவள் விடவில்லை. கையைப் பற்றியும் சொன்னேன். அன்று பாயை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனவள்தான். இன்றுவரை அங்கேயே படுக்கிறாள். ஒரு காதைத் தரையில் வைத்துக்கொண்டு. அவளுக்கு எதுவும் தெரிவதில்லை. எதுவும் கேட்பதுமில்லை.

"அந்தப் பொம்பளை உங்களுக்குக் காட்டினா. அந்தப் பொண்ணுக்குக் காட்டினா. எனக்கு மட்டும் ஏன் காட்ட மாட்டேங்கறா?"

அது நினிங் இல்லை என்றேன். எந்தக் குழந்தையாகவும் இருக்கலாம் என்றேன். எல்லாக் குழந்தைக்கும் கை ஒரே மாதிரிதான் இருக்கும் என்றேன்.

வாடகைக்கு யாரும் வரவில்லை. இஸ்தி ஆலை முழுக்கச் சொல்லியிருப்பாள். இந்த வருஷம் அந்த அறைக்குள்ளும் உப்புத் தண்ணீர் ஊறத் தொடங்கிவிட்டது. காலையில் பாய் நனைந்து கிடக்கிறது. மறுபடி மண் கொட்ட வேண்டும் என்றேன். மூர்னி வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"இன்னும் மண்ணக் கொட்டினா கை எட்டாதுங்க."

போன மாதம் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கும் வரிசையில் ஹந்தோயோவைப் பார்த்தேன். எங்களுக்கு இந்த வீட்டை விற்றவர். இப்போது நகரத்தின் மேட்டுப் பக்கம் இருக்கிறார். என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. தானாகவே பக்கத்தில் வந்தார்.

"பின்னாடி நடமாட்டம் இருக்கா தம்பி?"

நான் தலையாட்டினேன்.

"எங்க பெரியம்மா அது. கிணத்தடிக்குப் போவாங்க, அவ்வளவுதான். யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. சொன்னா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க."

எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"கூட வர்ற குழந்தை யாரு?" என்று கேட்டேன்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"குழந்தையா? அவங்களுக்குப் பிள்ளையே பிறக்கலையே தம்பி. ஏங்கி ஏங்கியே போய்ச் சேர்ந்தாங்க. நாங்க இருந்த இருபது வருஷமும் பார்த்திருக்கோம். தனியாத்தான் நடப்பாங்க... ரெண்டு கையையும் வீசிக்கிட்டு."