வார்னிஷ் காயாத பெஞ்சு

ஆடி பிறக்கும் முன்னே என் மகளைப் பெண் பார்க்க வருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகம். அதற்கு முந்திய வரன் சீர் போதாதென்று கலைந்து போயிருந்தது. அந்த மாப்பிள்ளையின் அப்பா, மற்றவர்கள் எழுந்த பிறகும் எழாமல் உட்கார்ந்திருந்துதான் பேரத்தைத் தொடங்கினார். இதுவும் தட்டிப் போகுமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கௌரவமாக ஒருவரை உட்கார வைக்க வீட்டில் இருந்தது ஒரு தேக்கு பெஞ்சுதான். பழைய பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக நின்றது. உடைந்த குப்பிச் சில்லால் சுரண்டினேன். அடியில் மரத்தின் வரி தெரிந்தபோது பயம்கூடச் சற்று மறந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கோட்டாற்றுக் கடையில் வாங்கிய வார்னிஷை அடித்தேன். அன்றே சாரல் பிடித்துக்கொண்டது.

"வெயிலு காணாம இது எங்க காயும்? வாறவங்களுக்குப் பாய விரிச்சாப் போதாதா?" என்றாள் மனைவி.

நான் கேட்கவில்லை. மினுக்கம் போதவில்லை என்று மேலே இன்னொரு பூச்சும் கொடுத்தேன். அவர்கள் வந்த அன்று காலையில் விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா கனத்த சரீரம். மற்றவர்கள் பாயில் உட்கார, அவரை வற்புறுத்திப் பெஞ்சில் உட்கார வைத்தேன். முந்திரிக்கொத்தை ரசித்துத் தின்றார். மகள் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். வந்த பெண்களுக்குத் திருப்தி என்று முகத்திலேயே தெரிந்தது. எல்லோரும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர் மட்டும் எழவில்லை.

"கொஞ்சம் இருப்போமே. மழை விடட்டு," என்றார்.

மழை எப்போதோ விட்டிருந்தது. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பழைய வரன் ஞாபகம் வந்தது.

"சீரு குறைச்சல்னு நெனைக்கண்டாம், அண்ணாச்சி," என்றேன். "சுசீந்திரத்து வயலயும் அவ பேருக்கு எழுதித் தாறேன்."

அவர் என்னை அருகே கூப்பிட்டார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"வயலு கெடக்கட்டும், ஓய். கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு வேட்டியும் கொண்டாரும். இப்ப எந்திரிச்சா என் வேட்டி உம்ம பெஞ்சுலதான் இருக்கும்."

"பொண்ணு பாக்க வந்த எடத்துல இவிய இப்பிடி ஒட்டிக்கிட்டா, பொண்ண யாரு நம்பி அனுப்புவா?" என்றார் அவர் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் தலைகுனியக் கூடாதென்று அந்த மனிதர் அத்தனை நேரம் அசையாமல் இருந்திருக்கிறார். அதைத்தான் நான் பேரம் என்று எண்ணினேன்.

என் வேட்டியை உடுத்திக்கொண்டு, சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பின் மண்ணெண்ணெய்த் துணியால் பெஞ்சைத் துடைத்தேன். மல் வேட்டியின் இழை வார்னிஷில் அச்சாகப் பதிந்திருந்தது. மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"வயலும் சேத்துக் குடுத்தாத்தான் என்னயக் கூட்டிட்டுப் போவாவன்னு நெனச்சியளா, அப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளக் கேட்டாள். மண்ணெண்ணெய்க் குப்பியின் மூடியைக் காணோமே என்றேன். அவள் குனிந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.